எதிர்க்கோஷ்டி அத்தையின் வயித்தெரிச்சல்

சினிமாவுலயும் சீரியல்லயும் சொந்தக்காரங்களா வந்து உக்காந்து எந்திரிச்சுப் போறதும் ஒரு தொழில்தான், அதுல நான் பல வருஷமா இருக்கேன். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்னு பேரு. கல்யாண மண்டபத்துல மூணாவது வரிசையில பட்டுப்புடவை கட்டிக்கிட்டு, காலி தம்ளரை வாயில வச்சு காபி குடிக்கிற மாதிரி பாவனை பண்றாளே ஒருத்தி, அவதான் நான். யாரோ பெத்த பொண்ணுக்கு அத்தை, யாரோ பெத்த பையனுக்குச் சித்தி. அட்சதை தூவுற கை என் கை. மூஞ்சி மட்டும் எப்பவும் எவனோ கழுத்து மாலைக்குப் பின்னாடி இருக்கும்.

அடுத்தவங்க வீட்டு விசேஷத்துல பல்லைக் காட்டிச் சிரிச்சிக்கிட்டே உள்ளுக்குள்ள புகைஞ்சிருக்கீங்களா? அப்ப நீங்களும் நம்ம ஆளு. உக்காருங்க, சொல்றேன்.

ஒண்டியா வா

எனக்குச் சொந்த ஊர் செய்யூர் பக்கம். இப்ப இருக்கிறது கூடுவாஞ்சேரியில, ஸ்டெல்லாவோட. ஸ்டெல்லா ஜாக்கெட் தைக்கிற டெய்லர், செங்கல்பட்டுக்காரி. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து குடும்பம் நடத்துறோம். சிநேகிதின்னு சொல்லிக்கிறதெல்லாம் ஊருக்காக. ஹவுஸ் ஓனரைப் பொறுத்தவரைக்கும் நாங்க அக்கா தங்கச்சி. ஒருத்தி பேரு செல்வி, ஒருத்தி பேரு ஸ்டெல்லா, ஒருத்தி வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறா, ஒருத்தி ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறா, இது எந்த ஊர் அக்கா தங்கச்சின்னு அவரு இதுவரைக்கும் கேட்டதில்ல. தண்ணி மோட்டாருக்குத் தகராறு பண்ணாத குடித்தனம் கிடைச்சா எவரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

எங்கம்மாவுக்கு மட்டும் ஆரம்பத்துலயே விஷயம் தெரியும். தெரிஞ்ச நாள்லேர்ந்து ஸ்டெல்லா பேரை அது வாயால சொன்னதில்ல. "அது பக்கத்துல இருக்குதா?"ன்னு கேட்டுட்டுத்தான் போன்ல என்கிட்ட பேசவே ஆரம்பிக்கும். இவ பக்கத்துல இருந்தா, "அப்பறமா பண்றேன்"னு வச்சிடும். ஸ்டெல்லா பாவம், போன் அடிச்சதும் தானா எழுந்து பால்கனிக்குப் போயிடுவா.

அந்தச் சித்திரையில என் தம்பி சேகருக்குக் கல்யாணம் முடிவாச்சு. பொண்ணு மதுராந்தகம், பேரு தீபா. பி.எட். முடிக்கணும், அதனால தை மாசம் கல்யாணம்னு பேசினாங்க. எங்க பக்கத்துல மாப்பிள்ளை தாலியில முதல் முடிச்சு மட்டும்தான் போடுவான். மிச்ச ரெண்டு முடிச்சும் அவன் கூடப் பொறந்தவ போடணும், அதுக்கு நாத்தனார் முடிச்சுன்னு பேரு. பொண்ணுக்குப் பின்னாடி விளக்கு பிடிச்சிக்கிட்டு நிக்கிறதும் அவதான். சேகருக்கு நான் ஒரே அக்கா. ஷூட்டிங்ல ஊர்ப்பட்ட பேருக்குப் போட்ட முடிச்சை என் தம்பி பொண்டாட்டிக்குப் போடப் போறேன்னு எனக்குத் தலைகால் புரியல. அம்மா போன் பண்ணி மண்டபம், புடவைக் கலர், சீர்வரிசை எல்லாம் சொல்லுச்சு. வைக்கிறதுக்கு முன்னாடி குரலைத் தாழ்த்திக்கிட்டு இதையும் சொல்லுச்சு:

"முடிச்சு போட வந்துரு. ஒண்டியா வா."

எட்டு எபிசோட்ல திருந்துற குடும்பம்

அதே வாரம் எங்க ஏஜென்ட் கன்னியப்பன் அண்ணாத்த கூப்பிட்டாரு. மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் கடலோரமா ஒரு பெரிய வீடு, அங்க வெப் சீரிஸ் எடுக்கிறாங்க, கல்யாண வீட்டுக் கூட்டம் வேணும், நிறைய நாள் வேலைன்னாரு. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வேன். வேன்லயே நிலான்னு ஒரு அசிஸ்டென்ட் டைரக்டர் பொண்ணு எங்களுக்குக் கதை சொன்னா. ரெண்டு பொண்ணுங்க ஒருத்தியை ஒருத்தி லவ் பண்றாங்க. ஒருத்தி மீன் ஏற்றுமதி பண்றவரோட மக, இன்னொருத்தி யோகா டீச்சர். வீட்டுல முதல்ல கலாட்டா, அப்புறம் காமெடி, எட்டாவது எபிசோட்ல எல்லாரும் ஒத்துக்கிட்டு கல்யாணம். குடும்பத்தோட உக்காந்து சிரிச்சுப் பாக்கலாம்னா.

வேன்ல எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டுற வரைக்கும் வயிறு எரிஞ்சுது. எங்க வீட்டுல பேரைச் சொல்லவே இவ்வளவு வருஷம் பத்தல. இவளுங்களுக்கு எட்டே எபிசோட்ல மாமனாரு, மாமியாரு, மேளம், பாயசம் எல்லாம் வந்துடுது. கலாட்டாவும் எப்படிப்பட்ட கலாட்டா? அப்பா கோவத்துல செருப்பை வீசுவாராம், அது நாய் மேல விழுமாம், நாய் அதைக் கவ்விக்கிட்டு ஓடுமாம். எங்கப்பா உசுரோட இருந்திருந்தா வீசின செருப்பு எங்க விழுந்திருக்கும்னு எனக்கில்ல தெரியும்.

இறங்கும்போது, இதெல்லாம் எங்கயாச்சும் நடக்குமான்னு கன்னியப்பனைக் கேட்டேன். எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் என்னன்னு அவருக்குத் தெரியாது. பல்லைக் குத்திக்கிட்டே சொன்னாரு:

"நடக்கறத எடுத்தா எவன்மா காசு குடுத்துப் பாப்பான்?"

அழக்கூடாத அத்தை

எனக்குக் குடுத்த வேஷம் எதிர்க்கோஷ்டி அத்தை. மீன்காரருக்கு ஒன்னுவிட்ட தங்கச்சி. வசனம் கிடையாது, மொறைச்சிக்கிட்டு இருக்கணும். இருந்த எரிச்சலுக்கு அது ஒன்னும் கஷ்டமா இல்ல.

ஒரு நாள் மதியம் அப்பா மனசு மாறுற சீன். மொட்டை மாடியில கடலைப் பாத்துக்கிட்டு அவரு நிப்பாரு. மக பின்னாடி வந்து நிப்பா. அவரு திரும்பாமலே, "அந்தப் பொண்ணு சாப்ட்டாளா?"ன்னு காதலியைப் பத்திக் கேப்பாரு. அவ்வளவுதான் சீன். சொந்தக்காரங்க நாங்க மாடிப்படியிலேர்ந்து எட்டிப் பாக்கணும். முதல் டேக்ல காக்கா கத்துச்சு. அடுத்ததுல மீன்பிடிப் படகுச் சத்தம். அதுக்கடுத்ததுல அப்பாவோட விக்கைக் காத்து தூக்கிடுச்சு. ஒவ்வொரு தடவையும் அவரு முதல்லேர்ந்து மனசு மாறினாரு. நெனைச்சுப் பாருங்க. எனக்கு ஒரு தடவை கூட கிடைக்காத ஒன்னு, அந்தப் பொண்ணுக்கு ஒரே மதியத்துல திரும்பத் திரும்பக் கிடைக்குது, நடுவுல அவ இளநி வேற குடிக்கிறா. கடைசியா ஒரு டேக் சுத்தமா வந்துச்சு. காக்கா இல்ல, படகு இல்ல, விக்கும் தலையில இருந்துச்சு. நான் மட்டும் படியில நின்னு கேவிக் கேவி அழுதுக்கிட்டு இருந்தேன்.

நிலா மானிட்டரை விட்டுட்டு ஓடி வந்தா. திட்டக்கூட தோணல அவளுக்கு, கைக்குட்டையைக் குடுத்துட்டுக் கெஞ்சினா:

"அக்கா, நீங்க எதிர்க்கோஷ்டி. ஏழாவது எபிசோட் வரைக்கும் உங்களுக்கு மனசு இளகக் கூடாது."

சம்பந்திங்க

கதாநாயகியா நடிச்ச ரெண்டு பொண்ணுங்களோட நிஜ அம்மாமாரும் ஒரு நாள் ஷூட்டிங் பாக்க வந்தாங்க. குடை போட்டு, நாற்காலி போட்டு, ஒருத்தர் கொண்டாந்த முறுக்கை ஒருத்தர் தின்னுட்டு, மதியத்துக்குள்ள ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டாங்க. சும்மா விளையாட்டுக்கு "சம்பந்தி, சம்பந்தி"ன்னு கூப்பிட ஆரம்பிச்சவங்க, சாயங்காலம் வரைக்கும் விடல. பொய்க் காதலுக்கே இவ்வளவு கொண்டாட்டம். எங்கம்மாவும் ஸ்டெல்லாவோட அம்மாவும் ஒரு தடவை செங்கல்பட்டு ஸ்டேஷன்ல எதிரும் புதிருமா வந்தாங்க, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அதை நெனைச்சு, ஷூட்டிங்ல குடுத்த வடையை நான் திங்காம வச்சிட்டேன். கிளம்பும்போது காருக்குள்ளேர்ந்து ஒரு அம்மா தலையை நீட்டி இன்னொரு அம்மாகிட்ட சொல்லிட்டுப் போனாங்க:

"சம்பந்திம்மா, எம் பொண்ணு வெயில் தாங்க மாட்டா, நீங்கதான் பாத்துக்கணும்."

மாப்பிள்ளை இல்லாத முறை

கல்யாண சீனுக்கு டைரக்டர் மேடம் கடல்கரையில மோதிரம் மாத்திக்கிற மாதிரிதான் எழுதியிருந்தாங்க. தயாரிப்பாளரு தாலி வேணும்னுட்டாரு. சரி, ரெண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி கட்டிக்கட்டும்னு முடிவாச்சு. அப்பதான் மேடம் தெரியாத்தனமா எங்க கூட்டத்தைப் பாத்து, மிச்ச முடிச்சை யாருங்க போடுவாங்கன்னு ஒரு கேள்வி கேட்டாங்க. அவ்வளவுதான். எது பொண்ணு வூடு, எது மாப்ள வூடு, யாரு சீர் எடுத்துக்கினு வரணும், யாரு வாசல்ல நின்னு வரவேக்கணும்னு கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு சண்டை. தொழில்முறை சொந்தக்காரங்க இல்லையா, ஒருத்தரும் விட்டுக்குடுக்கல. சோறு ஆறிப்போச்சு.

ஸ்டெல்லாவை எங்க வீட்டுல என்ன முறை வச்சுக் கூப்பிட முடியும்னு நான் வருஷக்கணக்கா யோசிச்சு, ஒன்னும் பிடிபடாம விட்டவ. தம்பிக்கு அவ என்ன வேணும்? அம்மாவுக்கு என்ன வேணும்? ஒரு வார்த்தையும் இல்லன்னுதான் நெனைச்சிருந்தேன். இவங்க சாம்பார் வர்றதுக்குள்ள தீர்த்துட்டாங்க. ரெண்டு பக்கமும் பொண்ணு வூடு, ரெண்டு பக்கமும் சீர், ரெண்டு பேருக்கும் நாத்தனாருண்டுன்னு தீர்ப்பு. கூட்டத்துலயே மூத்தவங்க பங்கஜம் அக்கா. அவங்க வெத்தலையைத் துப்பிட்டு கேமராமேனைப் பாத்து முடிச்சு வச்சாங்க:

"மாமியாரு கீது, நாத்தனாரு கீது, புருசன் ஒருத்தன்தான் இல்ல. பாதி பேஜாரு மிச்சம், வுடு நைனா."

ஸ்டெல்லாவுக்கு ஒரு டயலாக்

பந்தி சீன் அன்னிக்கு ஆள் பத்தல. தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கூட்டியாம்மான்னு கன்னியப்பன் கேட்டாரு. கூடுவாஞ்சேரியில அன்னிக்கு கரன்ட் கட்டு, மிஷின் ஓடாது, கடலைப் பாத்த மாதிரியும் இருக்கும்னு ஸ்டெல்லா கிளம்பி வந்தா. ஒரு அரக்குப் புடவையைச் சுத்தி, பாயச வாளியைக் கையில குடுத்தாங்க. டைரக்டர் மேடம் அவளை ஏற இறங்கப் பாத்தாங்க. "அந்த அக்காவுக்கு ஒரு டயலாக் குடுங்க"ன்னாங்க. இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு தும்மல் கூட குடுத்ததில்ல.

பந்தியில ஒரு பெரியவர், "மாப்பிள்ளை எங்கம்மா?"ன்னு கேப்பாரு. இவ, "ரெண்டு பேருமே பொண்ணுங்கதான் ஐயா, நீங்க சாப்பிடுங்க"ன்னு சொல்லணும். நல்லாத்தான் மனப்பாடம் பண்ணா. கேமரா ஓடினதும் எல்லாம் மறந்துபோய், கடையில கஸ்டமர்கிட்ட பேசுற மாதிரி, "மாப்ள லீவுல கீறாரு. நீ பாயசம் ஊத்திக்கோ"ன்னுட்டா. யூனிட்டே சிரிச்சுது. கேமராவே குலுங்குச்சாம், அதனால இன்னொரு தடவை அதையே சொல்லச் சொல்லி எடுத்தாங்க. எல்லாரும் அவளைச் சுத்தி நின்னாங்க. நான் எதிர் இலையில உக்காந்து, ஊறிப்போன அப்பளத்தைக் கடிச்சிக்கிட்டு மொறைச்சேன். அன்னிக்கு மொறைச்சது நடிப்பு இல்ல. திரும்பி வர்ற பஸ்லயும் நான் ஜன்னலை மொறைச்சிக்கிட்டே வந்தேன். பொத்தேரி வர்றதுக்குள்ள அவளுக்குப் புரிஞ்சு போச்சு. தோள்ல இடிச்சுச் சொன்னா:

"இன்னா செல்வி, ஒரு வரி பேசுனதுக்கா இந்த மூஞ்சி? நாளைக்கு உன் கையை க்ளோஸ்-அப்ல எடுக்கப் போறாங்க இல்ல?"

க்ளோஸ்-அப்

நிஜம்தான். கதாநாயகிக்குத் தங்கச்சியா நடிச்ச பொண்ணு நீள நகம் வளத்திருந்தா, மஞ்சக் கயிறு பிடிபடல. அதனால நாத்தனார் முடிச்சுக்கு என் கையை மட்டும் எடுத்தாங்க. அந்தத் தங்கச்சி ஒரு கையில விளக்கு வேற வச்சிருக்கணும். விளக்கைப் பிடிச்சிக்கிட்டு எப்படி முடிச்சு போடுறது? விளக்கை வாங்கிக்க அங்க யாரும் இல்லாம ஸ்டூல் மேல வச்சாங்க. கடல் காத்து அணைச்சிக்கிட்டே இருந்துச்சு. அவங்க ஏத்துறதும் அது அணையிறதுமா இருந்துச்சு, நான் முடிச்சைப் போட்டு அவிழ்த்து, போட்டு அவிழ்த்து, விரலெல்லாம் மஞ்சளாப் போச்சு.

அன்னிக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளையில கையைக் கூடக் கழுவாம சேகருக்கு போன் பண்ணேன். ஸ்டெல்லா இல்லாம நான் வரமாட்டேன், வேற யாராச்சும் பங்காளி பொண்ணை வச்சு முடிச்சு போட்டுக்கோன்னு சொல்லிட்டேன். அவன் நல்லவன்தான். அம்மாகிட்ட பேசிப் பாக்கறேன்னான். அம்மா பேசல. அதுக்கப்புறம் மாசக்கணக்கா அம்மாகிட்டேர்ந்து போனே இல்ல. தம்பி கல்யாணம் என் கையை விட்டுப் போச்சுன்னு நெனைச்சிக்கிட்டேன். இதெல்லாம் தெரியாத கதாநாயகி, அன்னிக்கு சாயங்காலம் என் மஞ்சக் கையைப் பிடிச்சுப் பாத்துட்டு ஆசையாச் சொன்னா:

"உங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நீங்கதான் முடிச்சு போடுவீங்களா அக்கா? குடுத்து வச்சவங்க."

அம்மா பாத்த சீரிஸ்

கார்த்திகையில சீரிஸ் வந்துச்சு. கதையை விட "மாப்ள லீவுல கீறாரு" பெருசா ஓடுச்சு. அந்தத் துண்டை மட்டும் வெட்டி போனுக்குப் போன் அனுப்பிக்கிட்டாங்க. தீபா படிச்ச காலேஜ் ஹாஸ்டல்ல யாராச்சும் கிளாசுக்கு வரலன்னா இதையே சொல்லிச் சிரிப்பாங்களாம். அவ சேகர்கிட்ட சொல்லப்போக, இது எங்க அக்கா கூட இருக்கிறவங்கதான்னு அவன் உளறிட்டான். மறு வாரம் ஜாக்கெட் அளவு குடுக்கிற சாக்குல தீபாவும் அவ அம்மாவும் ஊர்ல எங்கம்மா வீட்டுக்குப் போயி, அந்த டயலாக் பேசினவங்களைக் கல்யாணத்துக்கு எப்ப கூப்பிடுவீங்கன்னு எங்கம்மாவையே கேட்டிருக்காங்க. வரப்போற மருமகளுக்கு முன்னாடி என்ன சொல்றதுன்னு தெரியாம, அம்மா தீபா போனை வாங்கி எட்டு எபிசோடும் பாத்துச்சு. சேகர் சொன்னான், மாடிக் காட்சியை மட்டும் ரெண்டு தடவை போடச் சொல்லுச்சாம்.

அப்புறம்தான் எனக்கு போன் வந்துச்சு. வழக்கமான கேள்வி கேக்கல. பாத்தியாம்மா, எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். நல்லா கீதுன்னுச்சு. நான் எப்படின்னு கேட்டேன். நீ எங்கடி வந்தன்னு கேட்டுச்சு. வயித்தெரிச்சலுக்கு இது போதாதா? மாடிப்படியில நின்னவ நான்மா, முடிச்சு போட்ட கை என் கைம்மான்னு கத்தினேன். பெத்த பொண்ணோட கையை அடையாளம் தெரியல, பேரைக்கூடச் சொல்லாத ஒருத்தியை நூறு தலைக்கு நடுவுல கண்டுபிடிச்சிருக்கு. அந்தப் பக்கம் சேகர் போன்ல சீரிஸை மறுபடி ஓட்டிப் பாக்கிற சத்தம் கேட்டுச்சு. பால்கனியிலேர்ந்து ஸ்டெல்லா எட்டிப் பாத்தா. அப்பதான் அம்மா அந்தப் பேரை முதல் தடவையாச் சொல்லுச்சு:

"ஸ்டெல்லா நல்லா பண்ணுது. நீ இன்னாடி, மொறைச்சிகினே கீற. கல்யாணத்துக்கு அவளையும் இட்டுகினு வா."

விளக்கு

தை மாசம் போனோம். மண்டபத்துல இறங்கினதுலேர்ந்து ஸ்டெல்லாவைச் சுத்திக் கூட்டம். செல்ஃபி, பாயசம், அந்த ஒரு வரியைத் திரும்பச் சொல்லுங்கன்னு கெஞ்சல். மாப்பிள்ளைக்கு ஒரே அக்கா நான், தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டு நடுவுல புகுந்து புகுந்து போறேன், ஒருத்தரும் வழி விடல. நான் அவங்களை விட சீனியர்னு ஒருத்தர்கிட்ட சொல்லிக்கூடப் பாத்தேன். அவரு என்கிட்ட போனைக் குடுத்து, என்னையும் அவங்களையும் சேத்து ஒரு போட்டோ எடுங்கன்னுட்டாரு.

முகூர்த்த நேரத்துல ஸ்டெல்லா மேடைக்கு வரல. கூப்பிட்டது சாப்பிடத்தான்னு நெனைச்சாளோ என்னவோ, மூணாவது வரிசையில, நான் ஷூட்டிங்ல வழக்கமா உக்கார்ற அதே இடத்துல ஓரமா உக்காந்திருந்தா. தீபாவுக்குப் பின்னாடி விளக்கோட நான் நின்னேன். சேகர் முதல் முடிச்சைப் போட்டுட்டு நிமிர்ந்தான். நான் விளக்கை எங்க வைக்கிறதுன்னு ஸ்டூலைத் தேடினேன். ஸ்டூல் இல்ல. அம்மா விறுவிறுன்னு இறங்கிப் போயி, ஸ்டெல்லா கையைப் பிடிச்சு மேடைக்கு இழுத்துக்கிட்டு வந்து, என் கையிலேர்ந்த விளக்கை வாங்கி அவ கையில குடுத்துச்சு. மேளம் அடிக்கிறவர் கூட ஒரு நொடி நிறுத்திட்டாரு. பொண்ணு வீட்டுப் பெரியம்மா ஒருத்தங்க, இது யாரு, என்ன முறை வேணும்னு கேட்டாங்க. எனக்குக் கயிறே கண்ணுக்குத் தெரியல. அம்மா என்னைப் பாக்கல, அவங்களைப் பாத்து மண்டபத்துக்கே கேக்கிற மாதிரி சொல்லுச்சு:

"வெளக்கையும் புடிச்சிகினு முடிச்சும் போட எம் பொண்ணுக்கு இன்னா நாலு கையா கீது? இவளும் நாத்தனாருதான். எங்க வூட்ல ரெண்டு."

ஊர் உலகத்துக்கெல்லாம் சொந்தக்காரியா வேஷம் போட்டுக் காலத்தை ஓட்டினவ நான், ஒரே ஒரு நாள் வேலைக்கு வந்தவளுக்குத்தான் அந்த வேஷம் நிரந்தரமாச்சு, இந்த ஒரு வயித்தெரிச்சல் மட்டும் எனக்கு எந்நாளும் ஆறவே வேணாம்.